கேட்காமல் அடைத்த கடன்

அன்பு மகனுக்கு, அம்மா எழுதுவது. இங்கே உன் அப்பாவின் முழங்காலைத் தவிர எல்லாரும் சுகம். நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்றுதான் நம்புகிறேன், ஏனென்றால் இந்தக் கடிதம் முழுக்க உன்னைத் திட்டப் போகிறேன், உடம்பு சரியில்லாத பிள்ளையைத் திட்டிய பாவம் எனக்கு வேண்டாம். போனில் சொன்னால் போதாதா என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீ நாலு யோசனை சொல்லி, அதில் ஒன்றைச் செய்தும் முடித்திருப்பாய். கடிதத்தில்தான் உன்னால் குறுக்கே பேச முடியாது. தபாலை நம்பிக் காத்திருக்க நாள் இல்லை என்பதால் கையால் எழுதி நம் கடை மெஷினிலேயே ஸ்கேன் செய்து அனுப்புகிறேன், கடைசி வரி வரை படித்துவிட்டு அப்புறம் கூப்பிடு.

உன் தங்கையின் நர்ஸ் படிப்புக் கடனை ஒரே தவணையில் அடைத்துவிட்டாயே, அதைப் பற்றித்தான். முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் நீ கூப்பிட்டு அவளுடைய கடன் எண் என்னம்மா என்று கேட்டபோது கடையில் நகல் எடுக்க மூன்று பேர் நின்றுகொண்டிருந்தார்கள், நானும் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக வாசித்தேன். ஆஸ்பத்திரிக்கு எதிரே நகல் கடை வைத்துப் பத்து வருஷம் ஆகிறது, அந்தக் கடன் ஒப்பந்தத்தைப் பதினோரு பெண்களுக்கு நகல் எடுத்துக் கொடுத்தவள் நான், அதில் எந்தப் பக்கத்தில் எந்த வரி மங்கலாக விழும் என்றுகூட எனக்குத் தெரியும். எனக்கே உறைக்கவில்லை என்றால் உன்னை என்ன சொல்ல. உன் அப்பா இருக்கிறாரே, செய்தி வந்த அன்றைக்கு வாயெல்லாம் பல். முடிவெட்டும் கடையில் போய் உட்கார்ந்து, முடியே வெட்டிக்கொள்ளாமல், என் பையன் தங்கச்சி கடனை ஒரே மூச்சில அடைச்சுட்டான் என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிவிட்டு வந்தார். சாயங்காலம் உன் தங்கை வீட்டுக்குள் நுழைந்த முகத்தைப் பார்த்ததும்தான் அடங்கினார்.

நீ அந்த ஒப்பந்தத்தைப் படித்திருக்க மாட்டாய், அதனால் சொல்கிறேன். இந்த ஊர் ஆஸ்பத்திரியில் படித்து முடித்த நர்ஸெல்லாம் ஒரு வருஷம்கூட நிற்காமல் வெளியே போய்க்கொண்டே இருந்ததால்தான் அந்தக் கடனையே ஆரம்பித்தார்கள். படிப்புச் செலவு முழுவதும் ஆஸ்பத்திரியுடையது, முடித்த பிறகு மூன்று வருஷம் இங்கேயே வேலை செய்ய வேண்டும், ஒரு வருஷம் வேலை செய்தால் மூன்றில் ஒரு பங்கு கழிந்துவிடும், மூன்றாம் வருஷக் கடைசியில் கடன் என்று ஒன்று இருந்ததே தெரியாது. உன் தங்கை ஒரு வருஷம் இரண்டு மாதம் முடித்துவிட்டாள். ஒரு பங்கு ஏற்கனவே கழிந்துவிட்டது, மீதியும் அவள் வேலைக்குப் போய் வந்தாலே கழிந்திருக்கும். ஒன்பதாவது விதி என்ன சொல்கிறது தெரியுமா, யாராவது முன்கூட்டியே பணத்தைக் கட்டிவிட்டால் அவர் அந்த மாதத்தோடு ஒப்பந்தத்திலிருந்து விடுவிக்கப்படுவார், அவருடைய பணியிடமும் போய்விடும், ஏனென்றால் அந்த இடங்கள் கடன் வாங்கியவர்களுக்காகவே உண்டாக்கியவை. கணக்குப் பிரிவில் ஒருவர் இருக்கிறார், முத்திரை குத்தாமல் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார், அதனால் எல்லாரும் அவரை முத்திரை என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் அவளைக் கூப்பிட்டு, நீ இனிமே ஃப்ரீம்மா, மாசக் கடைசியோட கிளம்பலாம், வாழ்த்துக்கள் என்று சொல்லி, விடுவிப்பு உத்தரவில் இரண்டு முத்திரை குத்திக் கையில் கொடுத்திருக்கிறார். வேலை இருக்கிறது, செய்ய ஆளும் இருக்கிறாள், நடுவில் உன் பணம் போய் உட்கார்ந்திருக்கிறது. இதை நினைத்தால் எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

அவள் டயாலிசிஸ் பிரிவில் இருக்கிறாள் என்று உனக்குத் தெரியும், அங்கே என்ன செய்கிறாள் என்று தெரியுமா? மூன்று மெஷின், ஒவ்வொருவருக்கும் நாலு மணி நேரம், வாரம் மூன்று தடவை. பூட்டு ரிப்பேர் செய்பவர் ஒருவர் வருகிறார், அவர் கையில் நரம்பு பிடிபடாது, வேறு யார் ஊசியோடு வந்தாலும் கையை இழுத்துக்கொண்டு, சின்னம்மாவ வரச் சொல்லு என்று அடம்பிடிப்பாராம். இவள் வயது இருபத்து மூன்று, அவருக்குச் சின்னம்மா. முன்பெல்லாம் இந்த நோயாளிகள் இரண்டரை மணி நேரம் பஸ்ஸில் போய்ச் செய்துகொண்டு, திரும்பும்போது ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு வருவார்கள், நீயே பார்த்திருக்கிறாய். உன் தங்கை போனால் மூன்றாவது மெஷினுக்கு ஆள் இல்லை, உறை போட்டு மூடிவிடுவார்கள். கடன் வாங்கிப் படிக்கும் அடுத்த பெண் முடித்து வர இன்னும் எட்டு மாதம்.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். அவதாம்மா போன்ல புலம்பினா, செத்துட்டேன், எங்கயாவது ஓடிப் போயிடலாம் போல இருக்குன்னு அவதான் சொன்னா என்பாய். சொன்னாள்தான். இரட்டை ஷிப்ட் பார்த்துவிட்டு வந்த அன்று சொன்னாள். வேலையைத் திட்டாமல் வேலை பார்ப்பவர் யாராவது உண்டா? உன் அப்பா முப்பது வருஷம் பஸ் ஓட்டினார், ஒரு நாளாவது டிப்போவைத் திட்டாமல் சாப்பிட உட்கார்ந்திருக்கிறாரா? ஓய்வு பெற்ற அன்று வீட்டுக்கு வந்து அழுதவரும் அவர்தான். புலம்புகிறவளுக்குக் காது கொடுத்தால் போதும், நீ காசோலையைக் கொடுத்துவிட்டாய். சின்ன வயதிலும் நீ இப்படித்தான். பள்ளிக்கூடத்துக்காக அவள் அட்டையில் ஒரு இருதயம் செய்து வைத்தாள், அவள் குளிக்கப் போன நேரத்தில் நீ அதைப் பிரித்து இன்னும் அழகாக ஒட்டி வைத்தாய், பரிசும் கிடைத்தது, அவள் அந்தப் பரிசைத் தொடவே இல்லை. எனக்குக் கோபம் வந்தால் எல்லாம் சேர்ந்துதான் ஞாபகம் வருகிறது.

உனக்குப் பாசம் இல்லை என்று நான் சொல்லவில்லையடா. அவள் வந்து தங்க உன் வீட்டில் ஒரு அறைக்குப் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறாய், அந்த நாட்டிலேயே இரண்டு ஆஸ்பத்திரியில் விசாரித்தும் வைத்திருக்கிறாய், எத்தனை மாதம் ஓவர்டைம் பார்த்து அந்தப் பணத்தைச் சேர்த்தாயோ. அதனாலேயே கோபம் இன்னும் அதிகமாக வருகிறது. எங்களுக்குத் துணையாக இருக்கத்தான் அவள் இங்கே கிடக்கிறாள் என்றும் நினைத்துக்கொள்ளாதே. அப்பாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கக்கூட அவளுக்கு நேரம் கிடையாது, நான்தான் கொடுக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நர்ஸுகளுக்கெல்லாம் மேலே இருக்கும் மேட்ரன் அம்மா நம் கடைக்கே வந்துவிட்டார். கடன் வாங்கியவளுக்குத் தெரியாமல் பணம் கட்டிவிட்டேன், திருப்பித் தாருங்கள் என்று கட்டியவரே கையெழுத்துப் போட்டு எழுதினால், பணம் கட்டிய முப்பது நாளுக்குள் அது வந்து சேர்ந்தால், பழையபடி ஒப்பந்தத்தைத் தொடரலாமாம். பதினேழு நாள் போய்விட்டது. மெயிலில் வந்தாலும் செல்லுமா என்று முத்திரையிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டேன், செல்லுமாம். நாலே வரி. தப்புச் செய்துவிட்டேன் என்று எழுத உனக்குக் கை வராது என்று தெரியும், உன் அப்பா பிள்ளைதானே. அதை எழுத வேண்டாம், கேட்காமல் செய்துவிட்டேன் என்று எழுது, நடந்ததும் அதுதான்.

உன் தங்கைக்கு இந்தக் கடிதம் தெரியாது. மேட்ரன் சொன்னதை அவளிடம் சொன்னேன். அண்ணன் ஆசையா செஞ்சிருக்கான், இப்பப் போய் திருப்பி எடுன்னா மனசு ஒடிஞ்சு போயிடுவாம்மா, விடு என்றாள். சரி, கொஞ்ச நாளில் தெளிந்துவிடுவாள் என்று நானும் விட்டேன். நேற்றுக் காலை கடையைத் திறந்து மெஷின் மூடியைத் தூக்கினால் உள்ளே கண்ணாடிமேல் அவளுடைய பாஸ்போர்ட். நகல் எடுத்தவள் அசலை மறந்துவிட்டுப் போயிருக்கிறாள். உன் மனசு நோகக் கூடாது என்பதற்காக உன்னிடம் கிளம்பி வரப் போகிறாள். சிரித்துக்கொண்டேதான் வந்து இறங்குவாள், அந்தப் பெயின்ட் அடித்த அறையைப் பார்த்து நல்லா இருக்கு அண்ணா என்பாள், நீயும் தங்கையைக் கரை சேர்த்துவிட்டதாக நினைத்துக்கொள்வாய், சாகிற வரைக்கும் உனக்கு விஷயம் தெரியாது. பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரே இடத்தில் இருந்தால் எனக்கும் நிம்மதிதான், ஒரு நிமிஷம் அப்படியும் நினைத்தேன், மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னால் நிம்மதி என்று சொல்ல முடியவில்லை.

நீயும் அவளைக் கேட்காமல்தானேம்மா இதை எழுதுகிறாய் என்பாய். ஆமாம், இந்த வீட்டில் ஒருத்தருக்கும் அந்தப் பழக்கம் வரவில்லை. அதனால் ஆஸ்பத்திரிக்கு எழுதும் முன்னால் அவளைக் கூப்பிடு. நாளைக்கு அவளுக்கு லீவு. கட்டிய பணத்தைப் பற்றிப் பேசாதே, அறையைப் பற்றிப் பேசாதே. உனக்கு என்ன வேணும் என்று மட்டும் கேள், கேட்டுவிட்டு, அவள் எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தாலும், நீ வாயைத் திறக்காமல் இரு.

நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இரு, கண்ணா. குளிருக்குச் சாக்ஸ் போடாமல் தரையில் நடக்காதே. பதிமூன்று நாள்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
கோபம் பாதி இன்னும் மிச்சமிருக்கிற உன் அம்மா