ஒரு நிமிஷம் பொறுக்கும் பெட்டி

பாப்பா,

மத்தியானத்திலிருந்து இடி இடிக்கிறது. நம் ஊர் குளுவாங் இடி உனக்குத் தெரியும். டிவி, விசிறி எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்கிவிட்டேன். உன் கறுப்புக் கம்ப்யூட்டர் பெட்டியை மட்டும் முதலில் தொடவில்லை. நம் முறுக்கு வியாபாரத்துக்கு நீ செய்த இணையப் பக்கம் அதில்தான் ஓடியது. நீ போன பிறகு எந்த இடிக்கும் அதை நான் அணைத்ததில்லை.

முன்பு ஒருமுறை அதையும் பிடுங்கினேன். தீபாவளிக்கு முந்தின வாரம். அந்த நேரத்தில் எழுதிக்கொண்டிருந்தவர்களுடைய ஆர்டரெல்லாம் பாதியில் போயிற்று. சிங்கப்பூரில் வேலையிலிருந்து நீ ஃபோன் செய்தாய்.

"அலமாக், என்னம்மா செஞ்சீங்க? ஆளு சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போதே இலைய எடுப்பீங்களா?"

"இடி விழுந்து பெட்டி வெந்து போனா நீ மட்டும் சும்மா இருப்பியா?"

அந்த வாரம் வீட்டுக்கு வந்தபோது காட்டினாய். பொத்தானை அமுக்கிப் பிடிக்கக் கூடாது, லேசாக ஒரு தட்டு. அதன் பிறகு பெட்டி நம் பக்கத்துக்குள் புது ஆளை விடாது. உள்ளே இருப்பவர்கள் எழுதி முடிக்கும்வரை காத்திருந்து, தானே அணையும். முடிக்காமல் சும்மா இருப்பவர்களுக்கு முப்பது வினாடி கெடு என்றாய்.

"முப்பது பத்தாதுடி. என்னை மாதிரி எழுத்துக் கூட்டிப் படிக்கிறவங்க என்ன செய்வாங்க?"

"சரி லா, உங்களுக்காக ஒரு நிமிஷம். அதுக்கு மேலன்னா தே தண்ணி கலக்கிக் குடுத்துதான் உக்கார வைக்கணும்."

உன் கருமாதி முடிந்தும் ஆர்டர் வந்துகொண்டே இருந்தது. விஷயம் தெரியாதவர்கள். எனக்கு மாவு பிசையக் கை எழவில்லை. ஒவ்வொருவரையும் ஃபோனில் கூப்பிட்டு முறுக்கு இல்லை என்றேன். ஏன் என்று கேட்டார்கள். சொன்னேன். சொல்லச் சொல்ல வேறு யார் வீட்டுக் கதையோ போல இருந்தது. இன்றைக்கு ஒருவர் மூன்று டின் கேட்டிருந்தார். அவருக்கும் சொல்லிவிட்டு, போதும் என்று எழுந்தேன். இப்போது அணைத்தால் திரும்பப் போடப் போவதில்லை. நீ செய்து வைத்ததில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது அது ஒன்றுதான்.

லேசாகத் தட்டினேன். உள்ளே ஆள் இல்லாவிட்டால் உடனே அணைந்துவிடும். அணையவில்லை. பச்சை விளக்கு மின்னிக்கொண்டே இருந்தது. தரையில் உட்கார்ந்து எண்ணினேன். ஐம்பதுக்கு மேல் எண்ணிக்கை தப்பிவிட்டது. பிறகு அணைந்தது. ஆர்டர் எதுவும் வரவில்லை.

அழுகை வரவில்லை, பாப்பா. பெட்டியைத் துணியால் துடைத்து அலமாரியில் வைத்தேன். இப்போதெல்லாம் யாராவது பேச்சை நடுவில் நிறுத்தினால் உடனே எழுந்து போகாமல் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கிறேன். அந்தப் பழக்கம் எனக்கு உன்னிடமிருந்து வந்தது.

நீ இருந்தால் உன் ஃபோனில் பார்த்துச் சொல்லியிருப்பாய். அவ்வளவு நேரம் ஒன்றும் எழுதாமல் உள்ளே இருந்தது யார்?