நீ நடந்த கால்வாய்களின் வரைபடம்

என் உயிரான ஜமீலா லாத்தாவுக்கு,

நம் வரைபடம் ஊருக்குப் புரிந்துவிட்டது. அதை முதலில் உனக்குத்தான் சொல்ல வேண்டும்.

நீ மவுத்தாகி எங்களை விட்டுப் போய் எட்டு மாதமாகிறது. தாமிரபரணிக் கால்வாய்கள், அவற்றில் பிரியும் ஓடைகள், அவை நிரப்பும் குளங்கள் என்று நீ நடந்து நடந்து குறித்த நோட்டுகளை வைத்துத்தான் கணினியில் வரைந்தேன். இதற்குள் ஒரு சின்ன ஓடையை மூடிச் சாலை போடப்போவதாகப் பேச்சு வந்தது. மூடினால் என்ன ஆகும் என்று காட்டச் சொல்லி விவசாயிகள் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள்.

திரையில் போட்டதும் சங்கத் தலைவர் சுடலைமுத்து அண்ணாச்சி கண்ணைச் சுருக்கினார்.

“என்னம்மா இது, சிக்குப் பிடிச்ச தலமுடி மாதிரில்லா இருக்கு? எங்க கொளம் எங்கன கெடக்கு?”

எனக்கே கண்டுபிடிக்க முடியவில்லை, லாத்தா. எல்லாக் கோடும் ஒரே கனம், எல்லாக் குளத்துக்கும் பெயர்.

“கொஞ்சத்த விட்டுத் தள்ளு புள்ள, பாக்கவங்களுக்கு வெளங்காண்டாமா?” என்று நான் வரையத் தொடங்கிய அன்றைக்கே நீ சொன்னாய். நீ போனபிறகு ஒரு கோட்டை அழிக்கவும் எனக்குக் கை வரவில்லை. ஒவ்வொன்றும் நீ வெயிலில் நடந்த நடை அல்லவா?

மறுநாள் காலை துணிந்து உட்கார்ந்தேன். எதையும் அழிக்கவில்லை. மலையை மேலே வைத்து, கடலைக் கீழே வைத்து, தண்ணீர் ஓடும் வாக்கிலேயே அடுக்கினேன். நிறையத் தண்ணீர் போகும் கோட்டைத் தடிமனாக்கினேன். அக்கம்பக்கத்துச் சிறு குளங்களை ஒரே வட்டமாகச் சேர்த்தேன், தொட்டால் விரியும். மூடப்போகும் அந்த ஓடைக்கும் அதை நம்பியிருக்கும் குளங்களுக்கும் மட்டும் நீலம். மற்றதெல்லாம் வெளிறிய சாம்பல் நிறத்தில் பின்னால் போய்விட்டது.

அடுத்த கூட்டத்தில் அண்ணாச்சி திரையருகே எழுந்து வந்தார். நீலக் கோட்டில் விரலை வைத்துப் பையக் கீழே நகர்த்தினார்.

“ஏலே, இத மூடுனா கீழ ஏழு கொளத்துக்கும் சொட்டுத் தண்ணி வராதுல்லா!”

நான் ஒரு வார்த்தைகூட விளக்க வேண்டியிருக்கவில்லை. வந்திருந்த அதிகாரிகளும் பார்த்தார்கள். ஓடைக்கு மேல் பாலம் கட்டிச் சாலை போட ஒத்துக்கொண்டார்கள்.

அந்த ஓடையில் நடந்த அன்று உனக்குக் காய்ச்சலா? நோட்டில் அந்தப் பக்கத்தில் மட்டும் உன் எழுத்து நடுங்கியிருக்கிறது. ஏன் என்னிடம் சொல்லவில்லை?

கால்வாய் போய் முடியும் கடைமடைப் பக்கம் நீ போக முடியாமல் விட்ட இடம் இன்னும் வெறுமையாக இருக்கிறது. மழைக்கு முன்னால் நானே நடந்து அதைக் குறிப்பேன். அங்குள்ளவர்கள் தங்கள் குளத்தை ஒரே பார்வையில் கண்டுகொள்ளும்படி வரைவேன். என்னால் முடியும், லாத்தா.

உன்னோடு சண்டை போட்டே வளர்ந்த தங்கை,
ரஹ்மத்
பேட்டை