ஆன்ஸ்லினின் நாலு நிமிடம்

இரணியல்,
6.3.2011

அன்புள்ள தம்பி ஜஸ்டசுக்கு அக்கா ராஜபாய் எழுதுகிறேன். கர்த்தர் கிருபையால் இங்கே மூச்சு ஓடுகிறது. நீயும் லிஜாவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. பக்கத்து வீட்டுச் சொர்ணம்மாளின் போனில் இரண்டு தரம் கூப்பிட்டேன். "ஒரு நிமிஷம் அக்கா" என்றாய். அந்த நிமிஷம் இன்னும் முடியவில்லை. கடிதம் என்றால் நீ பாதியில் வேறு ஆளோடு பேசப் போக முடியாது.

வருகிற பதினெட்டாம் தேதியோடு என் பிள்ளை ஆன்ஸ்லின் போய் ஆறு மாதம். வில்லுக்குறி வளைவில் பைக் கிடந்த கிடப்பை நீயும் பார்த்தாய். சட்டைப்பையில் இருந்த போனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதில் அவன் பதிந்து வைத்த நாலு நிமிடத்தைச் சாயங்கால ஜெபம் முடிந்ததும் தினமும் கேட்பேன். மரச்சீனியும் மீனும் ஆறிப்போனதற்கு நான் ஏசுகிறேன். அவன் சிரிக்கிறான். "அம்மோ, ஒருக்கா கூடி ஏசு. நல்லா பதியட்டு. நான் கல்ஃபுக்குப் போனா இதக் கேட்டுட்டாக்கும் சோறு தின்னணும்" என்கிறான். அவ்வளவுதான்.

போன் கெட்டுப்போனதும் டிசம்பரில் நீ வந்து, அவன் சத்தம் பதிந்திருந்த கார்டை உள்ளேயிருந்து எடுத்துப் போனாய். "எனக்கு இது சின்ன வேலை" என்றாய். உனக்கு இதில் இருபத்தைந்து வருசப் பழக்கம். சின்ன வேலைக்கு மூன்று மாதம் ஆகுமா என்று எனக்குத் தெரியாது. நான் ஐந்தாம் வகுப்பு.

சீக்கிரம் அனுப்பு மக்கா. அவன் சிரிப்பு எனக்கு மறந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

உன் அக்கா,
ராஜபாய்

—

சென்னை,
19.3.2011

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் சந்தோஷம். தபால்காரர் இப்போதெல்லாம் எங்கள் வீட்டுக்கு வங்கிக் கடிதம் மட்டுமே கொண்டுவருகிறார்.

இங்கே தினமும் மின்வெட்டு. நேற்று மின்சாரம் வந்ததும் வீட்டில் அடிதடி. நாலு பேருக்குப் பதினொரு சார்ஜர் இருக்கிறது, எது எதற்கு என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மனிதன் கருவியை வாங்குகிறான், கருவி மனிதனைச் சுவரோரம் உட்கார வைக்கிறது. அடுத்த வாரம் பத்திரிகையில் என் 'விரல்நுனி' பத்தியில் இதைத்தான் எழுதுகிறேன்.

கார்டு பத்திரமாக இருக்கிறது. கொஞ்சம் பழுது, அவ்வளவே. கணினி உலகத்தில் எதுவும் முழுசாக அழிவதில்லை அக்கா, ஒளிந்துகொள்கிறது. பொறுமையாகத் தேட வேண்டும்.

ஒரு நல்ல செய்தி. என் பத்திகள் புத்தகமாக வருகின்றன. ஜூன் 25 சனிக்கிழமை நாகர்கோவிலில் விழா. என் பத்தியை ஒரு வாரம் விடாமல் படிக்கும் ஞானையன் சார் முன்னின்று நடத்துகிறார். அம்மா பாடிய காசெட் உன்னிடம் இருக்கிறதே, அந்தப் பாட்டோடு விழாவைத் தொடங்க ஆசை. இரவல் டேப்ரிக்கார்டரில் 1979இல் நான் பதிந்தது. என் முதல் தொழில்நுட்பமே அதுதான். அம்மாவின் குரல் என்று உலகத்தில் இருப்பதும் அது ஒன்றே. பாட்டு முடிந்ததும் இருமிவிட்டு, "போதும்லே, அடுப்புல சோறு கெடக்கு" என்பாளே, நினைவிருக்கிறதா?

பழைய நாடா. அடிக்கடி ஓட்டாதே, அறுந்துவிடும். மற்றபடி பயமில்லை. யாரும் மேலே பதிந்துவிடக்கூடாது என்று அன்றைக்கே காசெட்டின் ஓரத்துப் பிளாஸ்டிக்கை ஒடித்துவிட்டேன். அந்த ஓட்டையில் செலோடேப் ஒட்டினால்தான் மறுபடி பதிய முடியும்.

அன்புத் தம்பி,
ஜஸ்டஸ்

—

இரணியல்,
2.5.2011

தம்பி ஜஸ்டசுக்கு,

போன வாரப் பத்திரிகையில் உன் பத்தி வந்திருக்கிறது. கோயிலில் ஆராதனை முடிந்ததும் சொர்ணம்மாள் அதை எல்லாரும் கேட்க வாசித்தாள். ஆன்ஸ்லினின் குரலை நீ மீட்டுவிட்டாயாம். நான் கருவியைக் காதோடு வைத்து அழுதேனாம். "தம்பி, என் பிள்ளையை நீ திருப்பித் தந்துவிட்டாய்" என்று உன் கையைப் பிடித்தேனாம்.

மத்தியானம் பெண்கள் சங்கத்தார் ஏழெட்டுப் பேர் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஆன்ஸ்லினின் சத்தத்தைக் கேட்க வேண்டுமாம். என்னிடம் இல்லை என்றேன். சொர்ணம்மாள் நம்பவில்லை. "ஏட்டி, பத்திரிகைல போட்டது பொய்யா? பெத்த பிள்ளைக்க சத்தத்தையும் பெட்டில பூட்டி வச்சிருக்கியா?" என்றாள். எழுந்து போனவர்கள் அதற்குப்பிறகு சரியாக முகம் பார்ப்பதில்லை.

நான் எங்கே வைத்துக் கேட்டேன்? எந்தத் தேதியில் உன் கையைப் பிடித்தேன்? அதை எழுது. நீ படிக்க வேண்டும் என்று பத்து வயதில் என்னை அண்டி ஆபீசுக்கு அனுப்பினார்கள். முந்திரி உடைத்து உடைத்து அந்தப் பாலில் கறுத்த விரல் இன்னும் வெளுக்கவில்லை. அதற்காக நான் உன்னிடம் எதுவும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். கார்டை அனுப்பு.

ராஜபாய்

—

சென்னை,
14.5.2011

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதத்தை நாலு தரம் எழுதிக் கிழித்தேன்.

கார்டில் ஒன்றும் இல்லை. ஜனவரியில் ஒரு கம்பெனி புதுக் கேமரா ஒன்றைக் கொடுத்து அதைப்பற்றி எழுதச் சொன்னது. அவசரமாகக் கிளம்பும்போது மேசைமேல் இருந்த கார்டைப் போட்டேன். உள்ளதை எல்லாம் அழித்து ஃபார்மட் செய்யவா என்று கேமரா கேட்டது. செய் என்று அமுக்கிவிட்டேன். முந்நூறு படம் எடுத்தபிறகுதான் அது ஆன்ஸ்லினுடையது என்று தெரிந்தது. நாலு கடை ஏறி இறங்கினேன். படங்கள் மேலே ஏறிவிட்டதால் குரல் வராது என்று சொல்லிவிட்டார்கள். எதையும் இரண்டு பிரதி எடுத்து வையுங்கள் என்று ஊருக்கு எழுதுகிறவன் நான். நம் காலத்தில் நினைவு என்பது எவ்வளவு மெல்லிய பொருள் என்று யோசித்துப் பார்.

எப்படியும் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் அந்தப் பத்தியை முன்பே எழுதி வைத்திருந்தேன். கிடைக்காதபோதும் நிறுத்த மனம் வரவில்லை. படித்தவர்கள் அழுதுகொண்டே கடிதம் போடுகிறார்கள். புத்தகத்தில் கடைசிப் பத்தி அதுதான்.

என்னை மன்னித்துவிடு. விழா முடியும்வரை யாரிடமும் சொல்லாதே. இருபத்தைந்து வருசத்துப் பேர். அம்மாவின் காசெட்டை மட்டும் மறுக்காதே அக்கா.

ஜஸ்டஸ்

—

இரணியல்,
1.6.2011

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நடந்தது நடந்துவிட்டது. நான் யாரிடமும் சொல்லவில்லை. சொர்ணம்மாளிடம்கூடச் சொல்லவில்லை.

காசெட்டை ஞானையன் சார் கையில் நானே கொடுக்கிறேன். நீ அலைய வேண்டாம். வெயில் பார்த்து வெளியே போ.

உன் அக்கா,
ராஜபாய்

—

இரணியல்,
24.6.2011

ஜஸ்டசுக்கு,

நாளை உன் விழா. இந்தக் கடிதத்தைச் சென்னை விலாசத்துக்குப் போடுகிறேன். நீ திரும்பிப் போய்ப் படிக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

காசெட்டை நேற்றுக் கொடுத்தேன். ஒருதரம் ஓட்டிப் பார்த்துக்கொள்ளட்டுமா என்று ஞானையன் சார் கேட்டார். பழைய நாடா, அறுந்துவிடும் என்று தம்பி எழுதியிருக்கிறான், மேடையில் ஓட்டினால் போதும் என்றேன். நீ சொன்னால் அவருக்கு வேத வாக்கியம். துணியில் பொதிந்து வைத்துக்கொண்டார்.

உன் அம்மாதானே எனக்கும் அம்மா. அதனால் முதலில் ஒருதரம் முழுசும் கேட்டேன். ஆன்ஸ்லின் ரிப்பேர் பார்த்துத் தந்த டேப்ரிக்கார்டர், நன்றாகவே பாடியது. கடைசித் தரம் கேட்கிறோம் என்று தெரிந்து கேட்டேன். அந்த ஒரு தரத்தை நீ எனக்குத் தரவில்லை.

பிறகு ஓரத்து ஓட்டையில் நீ சொன்ன மாதிரி டேப் ஒட்டினேன். சிவப்புப் பொத்தானை அமுக்கி, மே மாதம் நீ எழுதிய கடிதத்தை முதலிலிருந்து வாசித்தேன். எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க முடிந்தது. ஃபார்மட் என்ற இடத்தில் மூன்று தரம் தடுக்கினேன். நானாக ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. என் வாயில் நீ வைத்த மாதிரி உன் வாயில் நான் எதையும் வைக்கவில்லை.

தெரியாமல் அழித்தாய். அதைச் சொல்லியிருந்தால் அழுதுவிட்டுப் பொறுத்திருப்பேன். ஆன்ஸ்லின் கை தவறி எத்தனை சட்டியை உடைத்திருக்கிறான். இல்லாத குரலைக் காட்டி நீ பேர் வாங்கினாய். என் பிள்ளையின் சத்தத்தைப் பூட்டி வைத்தவள் என்று நான் பேர் கேட்டேன். நான் அம்மாவைத் தெரிந்தே அழித்தேன். மறைக்கவும் இல்லை. உனக்கும் எனக்கும் அவ்வளவுதான் வித்தியாசம்.

சொர்ணம்மாளும் சங்கத்தாரும் வேன் பிடித்து விழாவுக்கு வருகிறார்கள். முன்வரிசையில் உட்காரச் சொல்லியிருக்கிறேன். நான் வரவில்லை. இனி கடிதமும் போடமாட்டேன். நீயும் எழுத வேண்டாம்.

இன்னொன்று. உன் கடிதத்தை வாசித்து முடித்துப் பொத்தானை விட்டபோது பாட்டும் அங்கேதான் முடிந்திருந்தது. ஓட்டிக் கேட்டேன், அதற்கு அப்பால் கொஞ்சம் அழியாமல் கிடக்கிறது. நான் உன் பேரை வாசித்து முடித்ததும் அம்மா இருமுவாள். "போதும்லே, அடுப்புல சோறு கெடக்கு" என்பாள்.

அதை மட்டும் உனக்கு விட்டிருக்கிறேன்.

ஆன்ஸ்லினின் அம்மா,
ராஜபாய்