டிஷ்யூ வைத்த மேசை

புருசெத், ஒஸ்லோ
14.03.2004

அன்பு மனைவி உதயகுமாரிக்கு,

நான் நலமாக இருக்கிறேன். உமது முழங்கால் வலி குறைந்ததா, மருந்தை நேரத்துக்கு எடுக்கிறீரா என்பதை எழுதும்.

இங்கு நான் வேலை செய்யும் சிங்கப்பூர் உணவகத்தில் செவ்வாயன்று ஒரு சிறு சம்பவம். மதியக் கூட்டத்தில், ஆளில்லாத மேசையொன்றில் டிஷ்யூப் பொட்டலம் கிடந்தது. மேசைகளைச் சுத்தமாக வைப்பது என் கடமையாகையால், அதைக் குப்பையில் போட்டுவிட்டு, காத்து நின்ற குடும்பத்தை அங்கே அமர்த்தினேன். சற்றுப் பின், உணவுத் தட்டுடன் ஒரு சிங்கப்பூர்ச் சீனப் பெண்மணி வந்து, "அங்கிள், மை டேபிள் வேர்?" என்றார்.

சிங்கப்பூர்த் தமிழரான முதலாளி சகுந்தலா ஓடிவந்தார். ஊரில் படிப்பித்தவன் என்பதால் இங்கும் எனக்கு மாஸ்டர் என்றே பெயர். "மாஸ்டர், டிஷ்யூ வச்சா எங்க ஊர்ல அந்த இடம் அவங்களுது லா!"

நான் முறையான ஆங்கிலத்தில் நீண்ட மன்னிப்பொன்றைத் தொடங்கினேன். அந்தப் பெண்மணியோ, "ஓகே லா, அங்கிள்" என்று சிரித்துவிட்டு, சமையலறை வாசலில் இருந்த முக்காலியில் அமர்ந்து சாப்பிட்டார். "மாஸ்டர், இனி ஆக்களையும் கூட்டி அள்ளிப்போடாதேங்கோ" என்று சமையற்காரர் ஆனந்தராஜா இன்னமும் பகிடி பண்ணுகிறார்.

உம்மை இங்கு அழைப்பதற்கான நிரந்தர வேலைக் கடிதத்தில் முதலாளி ஒப்பமிடாதிருந்ததால், எனக்குச் சற்றுக் கலக்கமாகவே இருந்தது. அன்று மாலையில் அவரே கூப்பிட்டார். "ரூல்படி நடக்கப் போய்த் தப்புப் பண்ற ஆளை நம்பலாம், மாஸ்டர்" என்று சொல்லி ஒப்பமிட்டுத் தந்தார்.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது. விண்ணப்பத்துக்கு உமது படம் வேண்டும். பின்னணி வெள்ளையாகவும் இரு காதுகளும் தெரியும்படியும் இருக்கவேண்டும். இரண்டு படங்கள் போதும் என்று படிவத்தில் உள்ளது. நீர் மூன்றாக அனுப்பும்.

அன்புடன்,
சோதிலிங்கம்