சிவப்புக் கட்டை

என் அன்புப் பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருக்கிறோம், சுகம் என்று எழுதத்தான் பேனா வரவில்லை. போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனை எடுத்தாலே உன் அம்மா காதைத் தீட்டிக்கொள்கிறாள், அவள் எதிரில் இதைச் சொல்ல முடியாது.

நீ செய்து அனுப்பிய பேசும் பலகையும் அதன் மரக்கட்டைகளும் கட்டிலை ஒட்டி மேசைமேல்தான் இருக்கின்றன, அவற்றைக் குறை சொல்ல மாட்டேன். பக்கவாதம் வந்து பேச்சு போன பிறகு போன் திரையைத் தொட்டால் அவள் விரல் நடுங்கி ஏதேதோ திறந்துகொள்ளும். கட்டையென்றால் இடது கையால் கெட்டியாகப் பிடித்துப் பலகைமேல் வைத்துவிடுகிறாள், அதற்குள் நீ வைத்த கம்ப்யூட்டரும் எந்தக் கட்டை என்று கண்டுபிடித்து உன் குரலில் சொல்லிவிடுகிறது. டம்ளர் படம் போட்ட கட்டைக்குத் தண்ணி, தலையணைக் கட்டைக்குத் தூக்கம். கீழே பூட்டுக்கடையில் அரத்தால் சாவி ராவிக்கொண்டிருக்கும் எனக்கே கேட்கிறது. எதிர்க்கடை டெய்லர், பொண்ணு ஊரிலிருந்து வந்துவிட்டாளா, அதிகாரம் தூள் பறக்கிறதே என்றார். அவள் அம்மாவுக்குப் பிறந்தவள்தானே என்றேன். நான் சிரித்தே எத்தனை நாளாயிற்று.

தொல்லை அந்தச் சிவப்புக் கட்டையால்தான். அப்பா, அம்மாவுக்கு வலிக்குது, சீக்கிரம் வாங்க என்று நீ பேசிவைத்தாயே, அது. முதல் தடவை கேட்டதும் அரத்தைப் போட்டுவிட்டு மாடிக்கு ஓடினேன். எங்கே வலிக்கிறது என்றால் சும்மா பார்க்கிறாள். டாக்டரைக் கூட்டிவந்தேன், ஒன்றுமில்லை என்றார். மறுபடி வைத்தாள், மறுபடி கூட்டிவந்தேன், முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார். பிறகு நாள் முழுக்க இதே கதை, எனக்கும் கால் சலித்துவிட்டது. போன வெள்ளிக்கிழமையும் உன் குரல் விடாமல் கத்திக்கொண்டிருந்தது, நான் ஒரு பூட்டைக் கழற்றி முடித்துவிட்டு ஆற அமரத்தான் போனேன். வேர்த்துக் கொட்டி, உதடு நீலம் பாரித்துக் கிடந்தாள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் அவ்வளவுதான் என்றார்கள் ஆஸ்பத்திரியில். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது அம்மா தூங்குகிறாள் என்றேனே, அங்கேதான் இருந்தோம். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டாள், பதறாதே. ஆனால் திரும்பவும் வரலாமாம். அடுத்த தடவை எது நிஜம், எது சும்மா என்று நான் எப்படியம்மா கண்டுபிடிப்பேன், பயமாக இருக்கிறது.

நேற்று கடையைத் திறக்காமல் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். சிவப்புக் கட்டையை வைக்கிறாள், கண்ணை மூடிக்கொள்கிறாள், நீ பேசி முடித்ததும் எடுத்து மறுபடி வைக்கிறாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மற்றக் கட்டையிலெல்லாம் நீ ஒற்றை வார்த்தைதான் பேசியிருக்கிறாய். இதில் மட்டும்தான் அம்மா என்று சொல்கிறாய். போனிலும் அவளால் பதில் சொல்ல முடியாதென்று என்னிடமே எல்லாம் விசாரித்துவிட்டு வைத்துவிடுகிறாய். உன்னைக் குற்றம் சொல்லவில்லை கண்ணு, பக்கத்திலேயே இருக்கிற எனக்கும் தோன்றவில்லையே.

அங்கிருந்தே மாற்றலாம் என்றாய் அல்லவா, சிவப்புக் கட்டைக்கு உன் குரல் வேண்டாம், மணி அடிக்கிற சத்தம் வைத்துவிடு. வேலை வேலை என்று சாப்பிடாமல் கிடக்காதே. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். எங்கள் ஆசீர்வாதம் உங்கள் இரண்டு பேருக்கும் எப்போதும் உண்டு. மறந்துவிடாமல் இன்னொரு கட்டை செய்து அனுப்பு, சீக்கிரம். அதை வைத்தால் அம்மா என்று மட்டும் கூப்பிடு, வேறொன்றும் பேச வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அப்பா