சும்மா நின்ற எஞ்சின்

2007 ஜனவரி 8, திங்கள்
புதுச்சேரி குட்ஷெட்டில் ஒரு வேகன் சரக்கை இறக்க ரயில்வேக்கு எவ்வளவு செலவாகிறது என்று நான் கணக்கெடுக்க வேண்டுமாம். கட்டுப்படியாகாவிட்டால் ஷெட்டை மூடிவிடுவார்கள். அங்கே மூட்டை இறக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி என் அண்ணன் பாவாடை. அது தெரிந்தேதான் எங்கள் கணக்கு ஆபீஸ் அதிகாரி என்னை அனுப்புகிறார். "கணக்குக்கு அண்ணன் தம்பி கெடையாது, ஆதிலட்சுமி" என்று சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

ஜனவரி 10
உப்பளத்தில் அண்ணன் வீட்டுக்குப் போனேன்.
"இன்னா பண்ணா ஷெட்டு தப்பிக்கும், லட்சுமி?"
"வேகமா எறக்குங்கண்ணா. வேகன் சீக்கிரம் காலியானா நல்ல பேரு."
நம்பித்தான் சொன்னேன்.

ஜனவரி 22
பேயாய் உழைக்கிறார்கள். காலையில் வந்த சிமெண்டு மதியச் சோற்றுக்கு முன்பே காலி. அண்ணன் பீடி பிடிக்கக்கூட யாரையும் விடுவதில்லை. அம்மாவாசை என்கிற ஆளுக்குத் தோள் உரிந்து ரத்தம் கசிகிறது. "பாத்து எழுதுக்கா" என்றான்.

ஜனவரி 31
கணக்கு முடிந்தது.
வேகன்களைக் கொண்டுவரும் எஞ்சின், காலி வேகன்களை இழுத்துப்போக ஷெட்டிலேயே நிற்கிறது. சாயங்காலத்துக்கு முன் அது கிளம்ப லைன் கிடைக்காது. மூட்டை இறங்கும் வரை அது நிற்கிற நேரம் வேலைக் கணக்கில் போகும். இறக்கி முடித்தபின் எஞ்சின் சும்மா நிற்கிற நேரம் ஷெட்டின் நஷ்டம். முன்பு சாயங்காலம் வரை நிதானமாக இறக்கினார்கள், நஷ்டம் தெரியவில்லை. இப்போது பாதி நாள் சும்மா நிற்கிறது. ஓடி ஓடி உழைத்து நஷ்டத்தை ஏற்றியிருக்கிறார்கள் — யார் சொல்லி? நான் சொல்லி.

பிப்ரவரி 1
அதிகாரியிடம் கேட்டேவிட்டேன். "ஷெட்ட மூடினாலும் பாசஞ்சர் பெட்டிங்கள மாத்திவிட அதே எஞ்சின் இங்கதான சார் நிக்கும்? செலவு எங்க கொறையுது?"
"அது பாசஞ்சர் கணக்கும்மா. நம்ம கணக்குல கொறையுதுல்ல?" பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "உன் பிரமோஷன் பேப்பரும் எங்கிட்டதான் இருக்கு."
பாவி. நன்றாயிருக்க மாட்டான்.

பிப்ரவரி 2
ஷெட் கட்டுப்படியாகாது என்ற கணக்கில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஏப்ரல் 16
ஷெட்டுக்குப் பூட்டு. சிமெண்டு இனி விழுப்புரத்தில் இறங்கி லாரியில் வரும். எஞ்சின் அதே இடத்தில் உறுமிக்கொண்டு நிற்கிறது, பாசஞ்சருக்காக. அதன் செலவைச் 'சேமிப்பு' என்று காட்டியதற்கு எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்திருக்கிறது. வெட்கங்கெட்ட பிழைப்பு.

ஜூன் 3, ஞாயிறு
பிரமோஷனுக்கு லட்டு எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணன் இப்போது ரெட்டியார்பாளையத்தில் ஒரு ஜவுளிக்கடைக்கு வாட்ச்மேன். யூனிஃபார்ம் சட்டை தோளில் பிடிக்கிறது. அண்ணி வாழ்த்தினாள். அண்ணன் லட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.
"தப்பு எங்களுதுதாம்மா. நீ அவ்ளோ தூரம் சொல்லியும் பத்தல. இன்னும் வேகமா எறக்கியிருக்கணும். அந்த அம்மாவாசதான் தோளு வலின்னு ரெண்டு நாளு மெத்தனம் பண்ணிட்டான். எல்லார் சோத்துலயும் மண்ண போட்டான். அவங்கூட இப்ப யாரும் பேசறதில்ல."
என் முகத்தையே பார்த்தார்.
"ஆமாண்ணா" என்றேன்.