இருபத்தெட்டு சதவீதம்

செப்டம்பர் 4, வியாழன்

மன்னிக்கவும். இதை யாரும் படிக்கப் போவதில்லை. ஆனாலும் ஒரு மன்னிப்புக் கேட்டுக்கொள்ளாமல் எனக்கு எதையும் தொடங்க வராது. தன்னைப் பற்றித் தானே உட்கார்ந்து எழுதுவது கூச்சமாக இருக்கிறது. கல்லூரி ரஃப் நோட்டில் பின்பக்கத் தாள்கள் மீதி. அவ்வளவுதான் காரணம்.

நல்ல வெயில். காற்றே இல்லை. கீரப்பாளையம் முழுக்கச் சேற்று வாசனை. நடவு தொடங்கிவிட்டது.

காலையில் கடையில் கூட்டமில்லை. (சிதம்பரத்தில் ஜெராக்ஸ் கடை. மனு அடிப்பது, ஆன்லைன் விண்ணப்பம், லேமினேஷன். எல்லாம் நான்.) போன மாதம் காது சோதித்த முகாமின் சான்றிதழ் வந்துவிட்டதா என்று என் எண்ணைப் போட்டுப் பார்த்தேன். வந்திருந்தது.

காது கேளாமை. இரண்டு காதும். 28 சதவீதம்.

திரையைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். அதே இருபத்தெட்டு. நாற்பதைத் தொட்டால்தான் அரசாங்கக் கணக்கில் மாற்றுத்திறனாளி. அதற்குக் கீழே என்றால் இலவசக் காதுக்கருவி இல்லை, வேலைத் தேர்வில் ஒதுக்கீடும் இல்லை. மூன்றாம் வகுப்பில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு, மழை பெய்வதைக்கூட ஜன்னலில் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். எனக்கு எப்படி இருபத்தெட்டு?

சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். நடவிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என் முகத்துக்கு நேராக:

"இருபத்தெட்டா? காலேஜுல எம்பதுக்குக் கொறயாம வாங்குனியேடி!"

இது மார்க் இல்லை, குறைவாக வந்தால் காது நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் என்றேன். அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப நல்லதுதான? அப்பிடியே இருக்கட்டும் பாப்பா. நாப்பதுன்னு கவர்மெண்டே முத்திர குத்திட்டா, நாளைக்கு எவன் பொண்ணு பாக்க வருவான்?"

அரிசி களைந்தேன். உலைத் தண்ணீர் இரண்டு முறை பொங்கி வழிந்தது. நான் பார்க்கவில்லை.

செப்டம்பர் 6, சனி

மேகமூட்டம். மழை வரவில்லை.

கடலூரில் அக்கா வீட்டுக்குக் கிளம்பினேன். எடுத்துக்கொண்டது: சான்றிதழ் நகல், ஆதார், போட்டோ, மாற்றுத் துணி, அக்காவுக்கு முறுக்கு. மறந்தது: சீப்பு.

கடலூர் பஸ்ஸில் ஜன்னலோரம். புதுச்சத்திரத்தில் எங்களுக்குப் பக்கத்தில் இன்னொரு பஸ் வந்து நின்றது. மூடிய கண்ணாடிக்குள் ஒரு பெண் போனில் பேசிக்கொண்டிருந்தாள். வாய் தெளிவாகத் தெரிந்தது. "அந்த ஆரம் கவரிங்குடி. சத்தியமா கவரிங்கு." ஆரம் யாருடையதோ, அவருக்குத் தெரியுமோ என்னவோ, எனக்குத் தெரிந்துவிட்டது. முதுநகர் வரைக்கும் சிரிப்பு.

ஸ்டாப்பில் சேவியர் மாமா ஆட்டோவோடு நின்றார். அக்கா வீட்டுக்காரர். நான் பயமில்லாமல் பேசுகிற ஒரே வெளி ஆள். வழியெல்லாம் ஆட்டோக் கண்ணாடியில் அவர் வாயைப் பார்த்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். திடீரென்று ஒரு டீக்கடைக்கு முன்னால் ஓரங்கட்டினார். கண்ணாடியை வானத்தைப் பார்த்துத் திருப்பிவிட்டார். அதன் பிறகு அவர் முதுகு மட்டும். காக்கிச் சட்டையில் வியர்வை. கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பினார்.

"என்னா சொன்னேன்?"

"எப்ப மாமா?"

"கத்துனேன்டி! டீக்கடையில இருக்கவன்லாம் எட்டிப் பாக்கறான். கண்ணாடி இருந்தா பதில் சொல்ற. கண்ணாடியத் திருப்புனா நீ அவுட்டு. கேம்ப்புல எந்தக் கண்ணாடியப் பாத்துக்குனு இருந்த?"

வேடிக்கையாகத்தான் கேட்டார். எனக்கு முகாமில் நடந்தது அப்போதுதான் உறைத்தது.

முகாம் ஒரு கல்யாண மண்டபத்தில். தலைக்கு மேல் மின்விசிறிகள், மைக்கில் டோக்கன் எண், பின்னால் நீள வரிசை. சோதிக்கிற தம்பி மேஜைக்கு அந்தப் பக்கம் எனக்கு நேர் எதிரே. காதில் பெரிய ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் வந்தால் கையைத் தூக்கு என்றார். எனக்குச் சத்தம் வரவில்லை. ஆனால் பெட்டியின் மேல் அவருடைய கட்டைவிரல் அமுங்குவது தெரிந்தது. அமுங்கியதும் தூக்கினேன். மறுபடி அமுங்கியது, மறுபடி தூக்கினேன். விரல் மறைந்த சில தடவைகள்தான் தவறின. "சூப்பர்மா" என்றார். எனக்கு எவ்வளவு சந்தோஷம்! தேர்வு என்று ஒன்று வைத்தால் அதில் தேற வேண்டும் என்பதைத் தவிர வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை. பள்ளிக்கூடத்திலும் இப்படித்தானே தேறினேன்? முதல் பெஞ்சு, டீச்சர் வாய், கரும்பலகை. கணிதம் எடுத்ததே எல்லாவற்றையும் பலகையில் எழுதிவிடுவார்கள் என்பதால்தான்.

இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு ஹேண்டில்பாரில் தலையை வைத்துச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு:

"இத வெளிய சொல்லாத. ஏமாத்துனான்னுடுவாங்க. அப்ப கேக்குதுன்னு ஏமாத்துனவ, இப்ப கேக்கலன்னு ஏமாத்த மாட்டாளான்னு கேப்பாங்க. மறுபடி டெஸ்டு வைங்கன்னு மட்டும் மனு குடு. நான் கூட வரேன்."

இரவு அக்கா வைத்த நெத்திலிக் குழம்பு. இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டேன்.

செப்டம்பர் 8, திங்கள்

விடிகாலையில் தூறல். பிறகு புழுக்கம்.

கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு நாள். ஊருக்கெல்லாம் மனு அடித்துக் கொடுக்கிறவள் நான். என் மனுவை எழுத ஞாயிறு முழுக்க ஆனது. 'முகாமில் இரைச்சல் அதிகம். முறையான அறையில் மறுபரிசோதனை செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.' கட்டைவிரலைப் பற்றி எழுதவில்லை. எழுதியது எதுவும் பொய் இல்லை. எழுதாததுதான் உறுத்தல்.

வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பெரியவர், பட்டா கேட்டு. "நீ எதுக்கும்மா?" என்றார். காதைத் தொட்டுக் காட்டினேன். உடனே வாயை அகலமாகத் திறந்து சத்தம் போட்டுப் பேச ஆரம்பித்துவிட்டார். கத்தினால் உதடு கோணிப்போகும், ஒன்றும் புரியாது. தலையாட்டிவைத்தேன். பாவம், நல்லவர்.

மனுவில் முத்திரை விழுந்ததும் மாற்றுத்திறனாளிகள் அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு சார். நிமிர்ந்து பார்த்துத்தான் கேட்டார், அதனால் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னேன். அதுவே வினை. மனுவை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பக்கத்து மேஜையில் இருந்த பெண்ணிடம் அவர் பேசியது கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

"கேக்கற கேள்விக்கெல்லாம் டாண் டாண்ணு பதில் சொல்லுது. இதுக்குக் காது கேக்கலையாம்."

மாமாவிடம் மெதுவாகச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. சார் திரும்பி வந்ததும் மாமா கவுண்ட்டரில் குனிந்தார்.

"சார், அந்த மேடத்துகிட்ட 'டாண் டாண்ணு பதில் சொல்லுது'ன்னு சொன்னீங்களா?"

"யாருயா சொன்னது?"

"நீங்கதான் சார். அங்க பேசுனது இங்க நிக்கிற எனக்கே கேக்கல. இது உங்க வாயப் பாத்தே படிச்சிட்டுது."

எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. சார் என்னையே பார்த்தார். பிறகு குரல் விடாமல் உதட்டை மட்டும் அசைத்தார். நான் சொன்னேன்: "காலையில இருந்து டீகூடக் குடிக்கல." பக்கத்து மேஜைப் பெண் சிரித்துவிட்டார். சாரும்.

"தப்பா நெனச்சிக்காதம்மா. தெனம் எத்தன பேரு வராங்க. அடுத்த வாரம் புதன்கிழம ஆஸ்பத்திரியில டெஸ்டு, சீட்டு தரேன். அங்க தனியா கண்ணாடி ரூம் இருக்கு. உள்ள உக்கார வெச்சிட்டு, டெஸ்டு பண்ற மேடம் வெளிய இருந்து பாப்பாங்க. ஒரு சத்தம் உள்ள வராது."

மாமா கலெக்டரையே மடக்கிவிட்ட மாதிரி ஆட்டோவுக்கு நடந்தார். எனக்கும் சந்தோஷம்தான். கெடிலம் பாலத்தில் போகும்போதுதான் தோன்றியது: கண்ணாடி ரூம் என்றால் வெளியே இருப்பவரின் கை தெரியுமே.

செப்டம்பர் 12, வெள்ளி

வெயில். கடையில் பிரிண்டர் மக்கர். விரலெல்லாம் மை.

டெஸ்டில் கண்ணை மூடிக்கொண்டால் போதும் என்று நினைத்தேன். இரவு அம்மாவைத் தட்டைத் தட்டச் சொல்லி, கண்ணை மூடி உட்கார்ந்தேன். முடியவில்லை. மூடியதும் வீடு, அம்மா, விளக்கு எல்லாம் போய்விடுகிறது. இருட்டில் தனியாக நான். கொஞ்ச நேரம்கூடத் தாங்காமல் கண் தானாகத் திறந்துகொள்கிறது. திறந்ததும் நேராகக் கையைத் தேடுகிறது. பதினைந்து வருடமாக அதற்கு அதுதான் வேலை.

"எதுக்குடி இந்தக் கூத்து? நல்லா இருக்கறவள நல்லா இல்லன்னு எழுதி வாங்கணுமா?"

"நல்லா இல்லம்மா. நல்லா இருக்க மாதிரி இருக்கேன்."

இதைச் சொன்னது நான்தானா என்று எனக்கே ஆச்சரியம். அம்மா தட்டைக் கழுவ எடுத்துப் போனாள். படுக்கும்போது வந்து, என் தோளைத் தொட்டுத் திருப்பி:

"புதங்கெழம நானும் வரேன். நடவுக்கு வர மாட்டேன்னு சொல்லிட்டேன்."

செப்டம்பர் 17, புதன்

மழை. நல்ல மழை. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டிலேயே அம்மாவின் செருப்பு அறுந்துவிட்டது. கடலூரில் மாமா ஊக்கு வாங்கிக் குத்திக் கொடுத்தார்.

முதலில் முடிவு. டாக்டர்கள் போர்டு கையெழுத்துப் போட்ட பிறகுதான் சதவீதம் தெரியும். ஆனால் காது சோதிக்கிற மேடம் வரைபடத்தைக் காட்டி, "பயப்படாதம்மா, இது நாப்பதத் தாண்டும். ரெண்டு காதுக்கும் கருவிக்கு எழுதறேன்" என்றார். அவருக்குச் சிறிய வாய், ஆனால் தெளிவான உதடு. மூக்குத்தி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

அம்மாவை மேடம் தனக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்தாராம். எனக்குப் போகிற சத்தத்தை வெளியே ஸ்பீக்கரிலும் வைத்துக் காட்டினாராம். திரும்பும் பஸ்ஸில் அம்மா ஆலப்பாக்கம் தாண்டி என் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"குக்கர் விசில் மாதிரி சத்தம்டி. என் காதே கூசுது. நீ பாட்டுக்குக் கைய மடியில வெச்சிக்குனு உக்காந்திருக்க."

"ம்."

"இத்தினி வருசமா உன்னத் திமிரு புடிச்சவன்னு நெனச்சேன் பாப்பா. கூப்புட்டா திரும்ப மாட்டேங்கறியேன்னு."

அழுதாள். நான் அழவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தால் வாய் தெரியாது.

"பாக்க வரவன் வரட்டும்" என்றாள் பிறகு. "வந்து உன் எதுக்க நின்னு பேசட்டும்."

சிதம்பரத்தில் இறங்கி அம்மாவுக்குச் செருப்பு வாங்கினோம். அவளுக்குப் பிடித்தது பச்சை. கிடைத்தது பழுப்பு. இரவு ரசம், அப்பளம். நாளை கடைக்கு அரை மணி முன்னால் போக வேண்டும்.

சோதனைக்கு முன்னால் நடந்ததை இன்னும் எழுதவில்லை. எழுதக் கூச்சம்.

கண்ணாடி அறைக்குள் நாற்காலி மேடத்தைப் பார்த்துத்தான் போட்டிருந்தது. மேடம் ஹெட்போனை மாட்டிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்தார். நினைத்தபடியே எல்லாம் தெரிந்தது. மேஜை, பெட்டி, வளையல், விரல். மாமா சொன்னது ஞாபகம் வந்தது, வெளிய சொல்லாத. சொன்னால் இத்தனை அலைச்சலும் வீணாகலாம். சொல்லாவிட்டால் என் கை மறுபடி தானாகத் தூக்கிவிடும்.

ஹெட்போனைக் கழற்றினேன். கதவைத் திறந்தேன். மேடம் நிமிர்ந்து பார்த்தார். என் குரல் சின்னதாக வந்ததா, பெரிதாக வந்ததா தெரியாது. ஆனால் சொல்லிவிட்டேன்.

"மேடம், எனக்கு உங்க கை தெரியுது. போன தடவையும் கையப் பாத்துதான் தூக்குனேன். நாற்காலிய அந்தச் செவுத்துப் பக்கமாத் திருப்பிப் போட்டுக்கட்டுங்களா?"